அச்சின் ஆயுள்

மார்ச் 3, திங்கள்

ரயில்வே வீல் ஷாப்புக்கு மாற்றலாகி வந்த முதல் நாள். பயிற்சிக்காக வைத்திருக்கும் முறிந்த அச்சுத் துண்டு ஒன்றை மேஸ்திரி அண்ணன் எடுத்துக் காட்டினார். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பு. அதில் வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சம் கரடுமுரடு. "வழவழப்பா இருக்கே, அது கொஞ்சங் கொஞ்சமா வந்தது தம்பி. கரடு ஒரே நொடியில போனது" என்றார். விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி மெருகேறியிருக்கின்றன. வளைவுகள் எந்த ஓரத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றனவோ, அங்கேதான் விரிசல் பிறந்திருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டியின் பாரம் அச்சின் இரு முனைகளையும் அழுத்துகிறது. அதனால் சக்கரங்களுக்கு இடையே அச்சின் மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். அச்சு சுழல்வதால் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை நசுங்குகிறது. 915 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 348 சுற்று சுற்றும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஓர் இரவில் 1.7 லட்சம். லட்சம் கிலோமீட்டருக்கு மூன்றரைக் கோடி.

இந்தப் பாரத்தை ஒருமுறை ஏற்றி இறக்கினால் எஃகுக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப ஏற்றும்போதுதான் வினை. ஏதோ ஒரு படிகத்தில் அணு அடுக்குகள் நழுவுகின்றன. திரும்பும்போது பழைய இடத்துக்கே சரியாக வந்து சேர்வதில்லை. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் உண்டாகின்றன. விரிசல் அந்தப் பள்ளத்தில் தொடங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

1842 மே 8இல் வெர்சேயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் முன் இன்ஜினின் அச்சு முறிந்தது. தீப்பிடித்தது. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிர்ந்து அதிர்ந்து இரும்பின் தன்மையே மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினார்கள். நான் பார்த்த அந்தக் கரட்டு முகம் அப்படித்தான் நினைக்க வைக்கும். மறு ஆண்டு ராங்கின் என்ற இளம் ஸ்காட்லாந்துப் பொறியாளர் அதை மறுத்தார். அச்சின் விட்டம் சட்டென்று குறையும் மூலையில் விரிசல் தொடங்கி மெல்ல உள்ளே போகிறது. மூலையை வளைவாகக் கடையுங்கள் என்றார்.

பிறகு ஜெர்மனியில் வோலர், அச்சுகளைப் பாரத்தோடு முறியும்வரை சுழற்றிப் பார்த்தார். ஓர் அளவுக்குக் கீழே தகைவு இருந்தால் எஃகு முறிவதே இல்லை என்று கண்டார். அப்படியானால், அந்த அளவுக்குள் வடிவமைத்த அச்சை நாம் ஏன் சோதிக்கிறோம்?

மார்ச் 7, வெள்ளி

அண்ணனிடமே கேட்டேன். சக்கரம் உட்காரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அழுத்திப் பொருத்திய சக்கரமும் அச்சும் ஓட்டத்தில் மயிரிழை அளவு உரசிக்கொள்கின்றன. உரசிய இடம் புண்ணாகி, எஃகின் தாங்குதிறன் வெகுவாகக் குறைகிறது. துரு ஏறினாலும் அப்படித்தான். வோலர் சொன்ன வரம்பு பழுதில்லாத மேற்பரப்புக்கு.

அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அச்சின் முனையில் எண்ணெய் தடவி, புரோபை வைத்து மீயொலி செலுத்துகிறோம். சிக்கல் என்னவென்றால், இறுகப் பொருந்திய இடமே திரையில் எக்கோ காட்டும். எது பொருத்தம், எது விரிசல் என்று பிரித்துப் படிப்பதுதான் வேலை. இன்று ஒரு சக்கர ஜோடியில் சந்தேகமான எக்கோ.

மார்ச் 10, திங்கள்

சக்கரத்தை பிரஸ்ஸில் கழற்றினார்கள். அச்சைக் காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கைக் காட்டியதும் பச்சையாக ஒரு கோடு. விரிசலேதான். அச்சு கழிவுக்குப் போனது.

"அடுத்த சோதனை வரைக்கும் தாங்கியிருக்குமாண்ணே?" என்றேன். "தாங்கியிருக்கலாம். அதை நம்பி யாரு வண்டி ஓட்டுறது?" என்றார். விரிசல் நீளமாக ஆக, அது வளரும் வேகமும் கூடும். ஆகவே, கருவிக்குத் தெரியும் அளவிலிருந்து முறியும் அளவுக்கு அது வளர எவ்வளவு ஓட்டம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகள் வருமாறு தவணை வைக்க வேண்டும். ஒருமுறை கண் தப்பினாலும் மறுமுறை பிடிபட வேண்டும். மூன்றரைக் கோடி சுற்றுக்கு எதிராக நம் கையில் இருப்பது அந்தத் தவணைதான். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட எனக்கு மனம் வராது.