அண்ணன் கணக்குல 22, மதினி கணக்குல 26

உடற்பயிற்சி போதையாகுமா? ஆகும்னு ரொம்ப நாளாவே சொல்லிட்டிருக்காங்க. 1970-ல பேக்லேண்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர், பயிற்சியை ஒரு மாசம் நிறுத்தினா தூக்கம் என்ன ஆகும்னு பார்க்க ஆள் தேடினார். தினமும் பயிற்சி பண்றவங்க, காசு தர்றேன்னாலும் மாட்டோம்னுட்டாங்க. கடைசியில வாரத்துக்கு மூணு நாலு நாள் பண்றவங்களை வச்சுத்தான் ஆய்வை முடிச்சார். எனக்கென்னவோ அந்த 'மாட்டோம்'தான் அதுல முக்கியமான முடிவுன்னு தோணுது.

2004-ல டெரி, சாபோ, கிரிஃபித்ஸ் மூணு பேரும் ஆறே கேள்வியில ஒரு வினாத்தாள் தயாரிச்சாங்க. பயிற்சிதான் எல்லாத்தையும் விட முக்கியமா? அதனால வீட்ல உரசல் உண்டா? மனசு சரியில்லன்னா அதைத் தேடுறீங்களா? அளவு கூடிட்டே போகுதா? ஒருநாள் விட்டா எரிச்சல் வருதா? குறைச்சாலும் பழையபடி திரும்பிடுறீங்களா? ஒவ்வொண்ணுக்கும் 1-லருந்து 5 மார்க். 30-க்கு 24 எடுத்தா ஆபத்து வளையத்துல இருக்கீங்க. நோயான்னு முடிவு பண்ற சோதனை இல்ல இது, சும்மா ஒரு சல்லடை. 2013-ல வந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடும் இதைத் தனி நோயா சேர்க்கலை.

இந்த சல்லடை 'பிரவே' ஓட்டுறவங்ககிட்ட வந்தா தடுமாறுது. பிரவேங்கிறது நெடுந்தூர சைக்கிள் பயணம், ரேஸ் இல்ல. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துல முடிக்கணும். 600-ஐ 40 மணி நேரத்துல. 200-லருந்து 600-க்குப் போறவன் அளவைக் கூட்டித்தானே ஆகணும்? அந்தக் கேள்விக்கு அவன் 5 போட்டா அது போதையா, பயிற்சித் திட்டமா?

எங்க பெரியப்பா பையன் சிவகாசியில ஆஃப்செட் பிரஸ்ல இருக்கார். காலைல நாலு மணிக்கு சாத்தூர் போய், நாலுவழிச் சாலையைப் பிடிச்சு, விருதுநகர் சுத்தி வீட்டுக்கு வருவார். முழங்கால் வீங்கி, டாக்டர் ரெண்டு வாரம் ஓட்டாதீங்கன்னு சொன்னப்பவும் போனார். வினாத்தாளைக் கொடுத்தேன். 22 வந்துச்சு. "பாத்தியா தம்பி, பாஸ்!"னார் :-) உரசல் கேள்விக்கு 1 போட்டிருந்தார். "வீட்ல சண்டையே கெடையாதுடா."

மதினிகிட்ட கேட்டேன். "சண்டை போட்டாத்தான தம்பி? நான் சொல்றதையே விட்டுட்டேன்." அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவங்க 5 போட்டாங்க. மொத்தம் 26.

அவர் கூட ஓட்டுற இன்னொரு பையனுக்கு 25. ஆனா போன வருஷம் அவனுக்கு இடுப்பு வலி வந்தப்ப, ஒரு மாசம் சைக்கிளைத் தொடலை. பொலம்பினான், ஆனா உக்காந்துட்டான். மார்க்கை மட்டும் பார்த்தா அவன் ஆபத்துல இருக்கான், அண்ணன் நல்லா இருக்கார்!

எங்க ஊர்ப்பக்கம் பட்டாசு ரூமுக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்துன்னு கணக்கு உண்டு. கணக்குக்குள்ளயே இருந்தாலும் உரசினா வெடிக்கும். இதுலயும் கிலோமீட்டரை எண்ணிப் பிரயோஜனம் இல்ல. என்னைக் கேட்டா ரெண்டு மாத்தம் பண்ணுவேன். "அடிபட்டப்ப நிறுத்த முடிஞ்சுதா?"ன்னு ஏழாவதா ஒரு கேள்வி. உரசல் கேள்வியை மட்டும் வீட்ல இருக்கறவங்ககிட்ட கொடுக்கணும்.

மதினி போட்ட 5-ஐ அண்ணன்கிட்ட காட்டினேன். ஒண்ணும் சொல்லாம தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். முழங்கால் வீக்கம் இன்னும் முழுசா வடியலை.

உங்கள்ல ஓடுறவங்க, மலை ஏறுறவங்க, சைக்கிள் மிதிக்கிறவங்க இருப்பீங்க. ஆறு கேள்வியையும் போட்டுப் பாருங்க. ரெண்டாவதை மட்டும் நீங்க எழுதாதீங்க.