762 வளைவுகள், ஹார்ன் இல்லாம

தாய்லாந்துலயும் நம்மள மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். அதனால சியாங் மாய்ல ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது எனக்கும் நண்பனுக்கும் பெருசா பயம் இல்ல. கடைக்காரர் லைசென்ஸே கேக்கல. பாஸ்போர்ட்டைத்தான் அடமானமா கேட்டார். நாங்க முன்பணம் கட்டிட்டு பாஸ்போர்ட்டைக் கையிலயே வச்சுக்கிட்டோம். கடைக்காரர் கேக்கலன்னாலும் வழியில போலீஸ் கேப்பாங்க. பைக்குக்கும் செல்லுபடியாகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லேன்னா, விபத்து நடந்தா டிராவல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைவிரிச்சிடும். போறவங்க ஊர்லயே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எடுத்துட்டுப் போங்க.

அங்கிருந்து பாய்ங்கிற மலையூருக்குப் போற பாதையில 762 வளைவுகள். பாய் கடைத்தெருவுல இந்த நம்பரை டி-ஷர்ட்ல அடிச்சு விக்கிறாங்க. பக்கத்துலயே முழங்கால்ல கட்டுப்போட்ட டூரிஸ்டுங்க நடந்து போறாங்க.

கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுலயும் ஹார்ன் அடிச்சே ஏறினவன் நான். இங்க, நாங்க போன அன்னைக்கு, யாரும் அடிக்கல. என் கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு திருப்பத்துலயும் பட்டனைத் தேடுச்சு. எதிர்ல வர்றவன் அவன் கோட்டுக்குள்ளயே வருவான்னு நம்பித்தான் எல்லாரும் திரும்புறாங்க. அப்போ என்னையும் யாரோ ஒருத்தர், முகம்கூடத் தெரியாம, நம்பிக்கிட்டுதானே வர்றார்?

மெதுவாத்தான் ஓட்டினேன். ஆனா கோட்டைத் தாண்டல.