அந்த வெளிநாட்டு பைலட் என் மகன்தான்!

திருச்சி கே.கே.நகரில் இருக்கிறது எங்கள் வீடு. விமான நிலையம் பக்கம்தான். சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும் என் மனைவி, தலைக்கு மேல் விமானம் போனால் துணியை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். "நம்ம பையன் இப்ப எந்த ஊருக்கு மேல போய்ட்டு இருக்கானோ..." என்பாள்.

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரார் வீட்டுப் பத்திரங்களை அடமானம் வாங்கியே காலம் போனது. கடைசியில் என் வீட்டுப் பத்திரத்தையும் அதே மேஜையில் வைக்க வேண்டி வந்தது. மகனின் பைலட் படிப்புக்காக.

200 மணி நேரம் பறந்தால்தான் கமர்ஷியல் லைசென்ஸ். அது வந்ததும் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறார்களோ, அதற்குத் தனியாக 'டைப் ரேட்டிங்' என்று ஒரு பயிற்சி. அதற்கும் லட்சக்கணக்கில் செலவு. என் பி.எஃப். பணம் அதில் கரைந்தது.

ஒருவழியாக, உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் கோ-பைலட் வேலை கிடைத்தது. அப்போது நம் நாட்டில் கேப்டன்கள் போதாமல், வெளிநாட்டு பைலட்டுகளைத் தற்காலிக அனுமதியில் வரவழைத்திருந்தார்கள். மகனுக்கு அதில் எரிச்சல். "நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கோம். அவங்க நேரா வந்து இடது பக்க சீட்ல உட்கார்றாங்கப்பா" என்பான். கேப்டன் உட்காருவது இடது பக்கம்.

2012 செப்டம்பரில், வெளிநாட்டு விமான நிறுவனங்கள் நம் நிறுவனங்களில் 49 சதவிகிதம் வரை பங்கு வாங்கலாம் என்று அரசு அனுமதித்தது. அடுத்த வருஷமே அபுதாபியின் எத்திஹாட், ஜெட் ஏர்வேஸில் 24 சதவிகிதம் வாங்க ஒப்பந்தம் போட்டது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கிய விஸ்தாரா 2015 ஜனவரியில் பறக்க ஆரம்பித்தது. பேப்பரில் படித்துவிட்டு, "இனி உங்களுக்கெல்லாம் நல்ல காலம்டா" என்றேன்.

"புது ஓனர் வந்தா புது விமானம் வரும், உண்மைதான். கஷ்ட காலத்துல கூடவே நிப்பாங்களான்னுதான் தெரியல" என்றான் மகன். 2019 ஏப்ரல் 17-ம் தேதி, கடனில் மூழ்கிய ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது அவன் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் அங்கே வேலை பார்க்கவில்லை. ஆனாலும் அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருஷமே அவனுக்குத் தென்கிழக்கு ஆசிய நிறுவனம் ஒன்றில் வேலை வந்தது. நல்ல சம்பளம். நம் நாட்டில் 2017-ல் வந்த விதிப்படி, வேலையை விட கோ-பைலட் 6 மாதம், கேப்டன் 12 மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இவன் 6 மாதம் காத்திருந்து கிளம்பினான்.

புது ஒப்பந்தத்தை வங்கிக்காரன் கண்ணால் படித்துப் பார்த்தேன். ஓட்டப்போவது ஒரு நாட்டு விமானம். சம்பளம் போடுவது இன்னொரு நாட்டு ஏஜென்சி. 30 நாள் நோட்டீஸில் வெளியே அனுப்பலாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால், வீட்டுக்கடன் பாக்கியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

போன இரண்டாவது மாதம் வீடியோ காலில் சொன்னான். "இங்க கேன்டீன்ல உள்ளூர் பைலட்டுங்க என்கிட்ட சரியாப் பேச மாட்டேங்கறாங்கப்பா. நான் அவங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டேனாம். அன்னைக்கு நாங்க திட்டினோமே, அந்த வெளிநாட்டு பைலட் இப்ப நான்தான்!"

இந்தச் சண்டை நம் பக்கம் மட்டும் நடப்பதில்லை. நார்வேஜியன் நிறுவனம் அயர்லாந்தில் ஒரு துணை நிறுவனம் தொடங்கி அமெரிக்காவுக்கு விமானம் விட அனுமதி கேட்டபோது, அமெரிக்க பைலட் சங்கங்கள் வருஷக்கணக்கில் எதிர்த்தன. ஓனர் ஒரு நாடு, பதிவு ஒரு நாடு, பைலட்டுக்கு ஒப்பந்தம் வேறு நாடு என்று ஆகிவிட்டால், எந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் பைலட்டைக் காப்பாற்றும் என்பது அவர்களின் பயம். 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பயம் 2020 ஏப்ரலில் வந்தது. கொரோனாவில் விமானங்கள் நின்றதும், முதலில் ஒப்பந்த வெளிநாட்டு பைலட்டுகளைத்தான் நிறுத்தினார்கள். இரண்டு வரியில் ஒரு இ-மெயில். மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி மூன்று பேரும் கிடைத்த சிறப்பு விமானத்தில் பயணிகளாக ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பதினான்கு மாதம் வேலை இல்லை. பைலட் வீட்டில் சும்மா இருந்தால் திறமையோடு தகுதியும் காலாவதியாகும். பயணிகளை ஏற்றிப் பறக்க வேண்டுமானால், கடைசி 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி சிமுலேட்டர் பயிற்சி, பரிசோதனை.

பிறகு நம் ஊர் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. மறுபடியும் கோ-பைலட்டாக, சீனியாரிட்டி லிஸ்ட்டில் கடைசி ஆளாக. யார் கேப்டன் ஆவது, எந்த ஊரில் இருப்பது, யாருக்கு லீவு என்று எல்லாமே அந்த லிஸ்ட்டை வைத்துத்தான். நான் வேலை பார்த்த வங்கியையும் இன்னொரு வங்கியோடு இணைத்தார்கள். வாசலில் போர்டு மாறியது. என் சர்வீஸில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. அவனுக்கோ எட்டு வருஷ அனுபவம் லாக் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பங்கு ஒரு கையெழுத்தில் நாடு விட்டு நாடு போகிறது. பைலட்டின் சீனியாரிட்டி, கம்பெனி வாசலைக்கூடத் தாண்டுவதில்லை.

போன வருஷம்தான் கேப்டன் ஆனான். இப்போது வளைகுடாவில் இருந்து ஒரு அழைப்பு. போனால் கடன் சீக்கிரம் அடையும். லிஸ்ட்டில் மறுபடி கடைசி. "நீங்க சொல்லுங்கப்பா" என்றான். "உன் பொண்டாட்டியைக் கேளு. தட்டுமுட்டுச் சாமானைக் கட்டி அவிழ்க்கிறவ அவதான்" என்றேன்.

சென்ற வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பைலட் படிக்க ஆசை என்று அப்பா அம்மாவோடு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று விஷயம் சொன்னேன். சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலத்தைப் பார். ஒரு வருஷச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வை. இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்.

அவள் கேட்டாள், "அங்கிள், அண்ணனுக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா?"

போன் போட்டு அவனிடமே கொடுத்தேன். அரை மணி நேரம் பேசினான். இவ்வளவு பட்டும் அவன் குரலில் அந்தச் சந்தோஷம் குறையவே இல்லை.

போனை வாங்கிய என் மனைவி, "இந்தத் தீபாவளிக்காவது வர்றியாடா?" என்றாள்.

"லீவு கேட்டிருக்கேம்மா. லிஸ்ட்ல எனக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க" என்றான்.