‘கர்த்தர் சொன்னார்’ என்ற பிறகு

பிப்ரவரி 12, 2021, வெள்ளி

ரவி சகரியாஸ் பற்றிய விசாரணை அறிக்கை நேற்று அமெரிக்காவில் வெளியாகிவிட்டது. இன்று வேறு வேலை ஓடவில்லை. 1946இல் சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்து, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிவு வழியில் விளக்கியதற்காக உலகமெங்கும் பெயர் பெற்றவர். போன மே மாதம் காலமானார். நினைவு ஆராதனையில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் பேசினார். அந்த மனிதர், தமக்கு மசாஜ் சிகிச்சை அளித்த பெண்களிடம் பல ஆண்டுகள் தகாத முறையில் நடந்துகொண்டதாக, அவருடைய ஊழிய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஒரு பெண்ணின் வாக்குமூலம் மனதை விட்டுப் போக மறுக்கிறது. ஊழியப் பணத்திலிருந்து அவளுக்கு உதவி செய்திருக்கிறார். பிறகு அவள் உடலைக் கேட்டிருக்கிறார். அவளைத் தம்மோடு ஜெபிக்க வைத்து, கிடைத்த வாய்ப்புக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லச் செய்திருக்கிறார். தேவனுக்கு உழைத்த தமக்கு அவள் கிடைத்த பரிசு என்றிருக்கிறார். வெளியே சொன்னால் தம் பெயர் கெடும், அதனால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போகும், அந்தப் பழி அவள் தலையில் விழும் என்றும் எச்சரித்திருக்கிறார். நடந்ததை அவள் பாலியல் வன்புணர்வு என்றே சொல்லியிருக்கிறாள்.

விசுவாசம் இல்லாத ஒருத்தியிடம் இந்த மிரட்டல் பலித்திருக்காது. ஆத்துமாக்கள்மேல் அவளுக்கு உண்மையான பாரம் இருந்தது. அதைக் கொண்டே அவள் வாயை அடைத்தார். இதைவிடக் கொடிய திருட்டு எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 17, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தங்கை மகளிடமிருந்து போன். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே ஒரு சுயாதீன சபைக்குப் போகிறாள். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவள் சேர்த்த பணம் ஆலயக் கட்டிடத்துக்கு உரியது என்று கர்த்தர் தமக்கு வெளிப்படுத்தியதாகப் பாஸ்டர் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பிரசங்கம், காணிக்கையில் வஞ்சித்து விழுந்து இறந்த அனனியா, சப்பீராளைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தே பேசினாராம். வீட்டுக் கூட்டத்தில் ஒரு அக்கா இவள் தலையில் கை வைத்து, “கலகத்தின் ஆவியே, வெளியே போ” என்று ஜெபித்திருக்கிறார்.

“பெரியம்மா, நான் கொடுக்கலன்னா தம்பிக்கு ஏதாவது ஆயிருமோ?”

பணத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. தம்பியின் உயிரைப் பற்றித்தான் கேட்டாள்.

பிப்ரவரி 21, ஞாயிறு

அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். பேதுரு அனனியாவிடம் கேட்பதை யாரும் பிரசங்க பீடத்தில் நின்று விளக்குவதில்லை. நிலம் விற்பதற்கு முன் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கைவசம்தானே என்கிறார் பேதுரு. கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவனுக்கு முழு உரிமை இருந்தது. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதுதான் குற்றம். இவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. யோசிக்க நேரம் கேட்டாள், அவ்வளவே.

இதை போனில் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிங்க என்றாள். படித்தேன்.

மார்ச் 3, புதன்

“அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே.” பாஸ்டர் சொன்னது சரியா என்று அவள் கேட்டதற்கு உடன் ஜெபிக்கும் பெண் தந்த பதில் இது. நம் ஊரிலும் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! 105ஆம் சங்கீதத்தில் இந்தச் சொல் வரும் இடத்தைப் பார்த்தால், ஆபிரகாமின் குடும்பம் கொஞ்சப் பேராய், அந்நியராய், நாடு நாடாய் அலைகிறது. அவர்களைத் தொடக்கூடாது என்று தேவன் எச்சரிப்பது ராஜாக்களை. பலமில்லாதவர்களைக் காக்க அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சொன்ன சொல்லை, அதிகாரத்தில் இருப்பவரைக் காக்கப் பலமில்லாதவர்களுக்குச் சொல்கிறோம்.

அபிஷேகம் பெற்ற ராஜாவான சவுலைத் தாவீது கொல்லவில்லை, உண்மை. ஆனால் குகைக்கு வெளியே நின்று, அறுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். சவுலின் அரண்மனைக்கு அவன் திரும்பிப் போகவும் இல்லை. பிறகு அந்தத் தாவீதே ராஜாவாகித் தவறியபோது தீர்க்கதரிசி நாத்தான் நேருக்கு நேர் வந்து நின்றார். அபிஷேகம் பெற்றவனிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று வேதத்தில் எங்கேயும் நான் காணவில்லை.

மார்ச் 11, வியாழன்

1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து வந்த தேவமனிதனுக்கு, இங்கே சாப்பிடாதே, குடிக்காதே என்று தெளிவான கட்டளை இருந்தது. கிழவரான ஒரு தீர்க்கதரிசி வந்து, தூதன் என்னிடம் பேசினான், என் வீட்டுக்கு வா என்கிறார். அது பொய் என்று வேதமே சொல்கிறது. தேவமனிதன் நம்பிப் போகிறான், திரும்பும் வழியில் சிங்கம் கொல்கிறது. மூத்த ஊழியர், தலை நரைத்தவர், தூதன் பெயரைச் சொல்கிறார் என்பதெல்லாம் உண்மைக்கு அத்தாட்சி ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

தீர்க்கதரிசனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடிந்துகொள்வதும் மேய்ப்பருடைய வேலைதான். என் தவறுகளைச் சுட்டிக்காட்டிய எங்கள் சபை ஐயர்மாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதியவர் பவுல். பிலேமோனுக்கு எழுதும்போது, கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினால் கேட்கிறேன், கட்டாயத்தினால் அல்ல, உன் மனதோடு செய் என்கிறார். ஓர் ஊழியர், ‘முடியாது’ என்று சொல்ல எனக்கு இடம் விட்டுப் பேசுகிறாரா? எந்த ஊழியரிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ‘கர்த்தர் சொன்னார்’ என்று தொடங்கினால் அந்த இடம் அடைபடுகிறது. அதன்பின் மறுப்பவள் பாஸ்டரை மறுப்பவளாக இருப்பதில்லை, கர்த்தரை எதிர்ப்பவளாக ஆக்கப்படுகிறாள்.

மார்ச் 20, சனி

என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் சொன்னேன்: பாஸ்டர் சொன்னதைத் தேதியோடு நோட்டில் எழுதி வை. தனியாகச் சந்திக்காதே, கூப்பிட்டால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. பணம், கையெழுத்து, கல்யாணம் எதுவானாலும் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லாதே. ஜெப விண்ணப்பம் என்று குடும்ப ரகசியங்களை இனிமேல் கொடுக்காதே, இன்று நீ அழுது சொன்னது நாளைக்குப் பிரசங்கத்தில் வரும்.

மத்தேயு 18ஐச் சொல்லி, முதலில் அவரைத் தனியாகப் போய்ப் பார் என்றும் ஒருவர் அவளுக்கு ஆலோசனை கொடுத்திருக்கிறார். அந்த அதிகாரம் தனிச் சந்திப்போடு முடிவதில்லை. சாட்சிகள் வருகிறார்கள், சபை வருகிறது. மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டு சாட்சிகளால் உறுதியானால், எல்லார் முன்பாகவும் கடிந்துகொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது.

உடலைத் தொட்ட விஷயமானால் சபைக் கமிட்டியோடு நிற்கக்கூடாது, காவல் நிலையம் போக வேண்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரானாலும் புகார் சொல்வது கடமை. மறைப்பது குற்றம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சபையின் பெயர் கெடும் என்று பெரியவர்கள் தடுத்தால், சகரியாஸ் சொன்ன அதே வாதம் அது என்று புரிந்துகொள்ள வேண்டும். 2017இலேயே கனடா நாட்டுப் பெண் ஒருவர் புகார் சொன்னார். சகரியாஸ் வழக்குத் தொடுத்தார், வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் அது முடிந்தது. அந்தப் பெண்ணை நம்பாதது தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது இந்தப் பிப்ரவரியில்தான்.

மார்ச் 28, குருத்தோலை ஞாயிறு

போன வாரம் பாஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். கட்டணத்துக்கான பணத்தைத் தர இயலாது, இந்தச் சபையில் தொடரவும் இயலாது என்று இரண்டே வரி. பதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கூடப் பாடிய தோழி சாலையில் பார்த்தும் பேசாமல் போனாளாம். அதற்குத்தான் அதிகம் அழுதாள். பயம் இன்னும் போகவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அந்தத் தண்டனையோ என்று நடுங்குகிறாள். வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏப்ரல் 5, திங்கள்

நேற்று ஈஸ்டர். தன் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய ஆலயத்துக்குப் போயிருக்கிறாள். வாசலிலேயே ஒருவர் எந்த சபை, ஏன் விட்டாய், சாட்சி சொல்வாயா என்று கேட்டாராம். ஆராதனை தொடங்கும் முன்பே திரும்பி வந்துவிட்டாள்.

இதை வாசிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்படி அடிபட்டு வரும் ஒருவர் உங்கள் ஆலயத்துக்கு வந்தால் சாட்சி கேட்காதீர்கள், பாடகர் குழுவில் சேரச் சொல்லாதீர்கள். தலையில் கை வைத்து ஜெபிப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கடைசி பெஞ்சில் எத்தனை மாதம் உட்கார வேண்டுமோ அத்தனை மாதம் உட்காரட்டும்.