வளைவில் கற்ற நிதானம்

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், நானும் என் மனைவியும் நாள்தோறும் காலையில் சோமநாதர் கோயிலுக்குச் சென்று வந்தோம். சென்ற ஆண்டு அவளுடைய முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. "இனி வீட்டிலேயே சுவாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். சின்னதாக ஒரு மண்டபம் மட்டும் செய்து தாருங்கள்" என்றாள்.

என் தாயார் நாளும் திறந்து மூடிய பழைய தேக்குக் கதவின் பலகை ஒன்று எஞ்சியிருந்தது. தெரிந்த ஆசாரி அதை அரைவட்ட வளைவாக அறுத்துக் கொடுத்தார். விளிம்பு வேலையை நானே செய்ய விரும்பி, ரூட்டர் இயந்திரம் ஒன்றை வாங்கினேன்.

அதில் பொருத்தும் வெட்டுமுனைகளைப் பார்த்ததும் வியப்படைந்தேன். கோயில் அதிட்டானத்தில் நாம் காணும் வடிவங்களே அவை! ஒன்று விருத்த குமுதம்போல் உருண்டிருந்தது. மற்றொன்று பத்மத்தின் இதழ்போல் வளைந்து நெளிந்தது. சிற்பி உளியால் கல்லில் பொறுமையாக எடுத்த வடிவத்தை, நிமிடத்திற்கு 20,000 முறைக்கு மேல் சுழலும் இந்த முனை மரத்தில் நொடிகளில் எடுத்துவிடும். முனையின் அடியிலுள்ள சிறிய பேரிங் மரத்தின் ஓரத்தைத் தொட்டபடி உருண்டு, வளைவு பிசகாமல் வழிகாட்டும்.

நொடிகளில் முடியும் என்ற எண்ணமே என்னைக் கெடுத்தது. முழு ஆழத்தையும் ஒரே வெட்டில் எடுக்க முயன்றேன். உச்சியை நெருங்கும் முன்பே 'படக்' என்றொரு ஓசை. விரல் நீளத்திற்குச் சிலாம்பு பிளந்து தெறித்தது. வேறு பலகை இல்லை. தாயாரின் கதவைப் பாழாக்கிவிட்டேனே என்று கலங்கி அமர்ந்துவிட்டேன்.

ஆசாரி வந்து பார்த்தார். "ஐயா, வளைவை நீங்கள் அறுத்தாலும் மரத்தின் ரேகை நேராகத்தானே ஓடுகிறது? உச்சியிலிருந்து இறங்கும்போது அது இசைந்து கொடுக்கும். உச்சிக்கு ஏறும்போது எதிர்க்கும். அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்" என்றார்.

தெறித்த துண்டைத் தேடியெடுத்து, ரேகை பொருந்த ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டார். மறுநாள் அவர் அருகில் நிற்க, கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து மீண்டும் தொடங்கினேன். விளிம்பு என்னை நோக்கியிருக்க, இயந்திரத்தை இடமிருந்து வலமாக நகர்த்தினேன். முனை சுழலும் திசைக்கு எதிராகச் சென்றால்தான் இயந்திரம் கையை மீறி ஓடாதாம். ஒவ்வொரு முறையும் ஆழத்தைச் சிறிதே கூட்டி, நான்கு முறையில் முடித்தேன். நின்று தயங்கினால் மரம் கருகும், விரைந்தால் பிளக்கும். இடைப்பட்ட நிதானமே வழி.

ஒட்டிய இடம் மெல்லிய கோடாக இன்றும் தெரிகிறது. மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கோட்டின் மேல் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள்.

இன்றும் பூசையின்போது முதல் பொட்டு அந்த இடத்திற்குத்தான்.