ஒரே விலாசம், பல வேஷம்!

நெட்வொர்க் லேபில் ஒரு சப்நெட் மாஸ்க் எத்தனை வேஷம் போடுது, பாருங்க. லினக்ஸில் 'ஐஎஃப்கான்ஃபிக்' அடித்தால் 255.255.255.0. ஃப்ரீபிஎஸ்டியில் அதே கட்டளை ஹெக்ஸாடெசிமலில் காட்டும். 'ஐபி அட்ரஸ்' அடித்தால் வெறும் /24. மூன்றும் ஒன்றே!

மேக் முகவரியும் அப்படித்தான். விண்டோஸில் இடையிடையே சிறு கோடு, லினக்ஸில் ரெண்டு புள்ளி, சிஸ்கோவில் நாலு நாலு எழுத்தாகப் பிரித்து ஒரு புள்ளி.

'ஐஎஃப்கான்ஃபிக்' 1983-இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. மனிதக் கண்ணுக்காக எழுதியது. பிறகு ஒவ்வொரு சிஸ்டமும் தன் போக்கில் மாற்றிக்கொண்டது.

எங்க வீட்டுக்கு இந்தக் குழப்பம் பழக்கம். பட்டாவில் ஹெக்டேர், ஏர். அப்பா பேசுவதோ ஏக்கர், சென்ட். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் "எவ்வளவுடா வருது?" என்று என்னிடம்தான் கேட்பார். ஒரு ஏக்கர் சுமார் 40.5 ஏர் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன்.

மனுஷன் கேட்டுத் தெரிஞ்சுக்குவான், ஸ்கிரிப்ட் கேக்காதே! பழைய லினக்ஸில் ஐபி முகவரிக்கு முன்னால் 'அட்ரஸ்' என்பதன் சுருக்கமும் ரெண்டு புள்ளியும் இருக்கும். சீனியர் அண்ணன் ஒருத்தர் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அதைத்தான் தேடும். புது வெர்ஷனில் அது கிடையாது. ஓட்டினோம், வெறும் வரிதான் வந்தது. நெட்வொர்க் நல்லாத்தான் இருந்தது!

இதற்கு வழி உண்டு. 'ஐபி' கட்டளையோடு 'மைனஸ் ஜே' சேர்த்தால் ஒவ்வொரு மதிப்பும் தன் பெயரோடு ஜேசனாக வரும். ஸ்கிரிப்டுக்கு அதைக் கொடுங்க.

நாளை எந்தக் கம்பெனியில், எந்தத் திரை முன் உட்காருவோமோ தெரியாது. வடிவத்தை மனப்பாடம் செய்யாதீங்க நண்பர்களே, பொருளைப் பிடிச்சுக்குங்க!