இரண்டு பாத்திகளில் எதை நடுவது?

ஹட்டனில் எங்கள் வீட்டின் பின்னால் இருப்பவை இரண்டே மேட்டுப்பாத்திகள். சரிவான நிலம் என்பதால் தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கல் அடுக்கி, மண்ணை உயர்த்தினோம். எதை நடுவது என்பதில்தான் வீட்டில் ஒற்றுமை இல்லை.

வாப்பா லீக்ஸும் கோவாவும் என்றார். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை அமைத்து ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்டார். இன்றும் இந்த மாவட்டத்துக்கு அவைதாம் பெயர். ஆனால் லீக்ஸ் நான்கைந்து மாதம் பாத்தியைப் பிடித்துக்கொள்ளும்; தோட்டக்காரருக்கு அது சரி, எங்களுக்கு எப்படி? கோவாவுக்கு வேறொரு தடை. தேயிலைக்கு அமில மண் பிடிக்கும். அதே மண்ணில் கோவாவின் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும் நோய் எளிதில் வரும். டொலமைட் கலந்து, மண்ணைத் திருத்திய பிறகே அதை யோசிக்கலாம்.

உம்மாவின் ஊர் அக்கரைப்பற்று. “மகள், ஒரு மூலையில ரெண்டு வெண்டிக் கன்று வைக்க ஏலாதா?” என்று கேட்டார். வெண்டிக்கு வெயில் வேண்டும். இங்கே ஜனவரி இரவுகளில் கை விறைத்துப்போகும். திருமணமாகி வந்து இருபது வருடமாகியும், ஊரிலிருந்து யாராவது வந்தால் உம்மா முதலில் திறந்து பார்ப்பது மரக்கறிப் பையைத்தான்.

“உயிரியல் படிக்கிற நீயே சொல்லு,” என்று வாப்பா முடிவை என்னிடம் விட்டார். நான் விலையை நினைத்தேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும், அடுத்த வருட நெருக்கடியில் உம்மா கரட்டை எண்ணி வாங்கியது எனக்கு மறக்கவில்லை. அன்றாடம் கொஞ்சமாகக் கடையில் வாங்குவதையே நாம் நட வேண்டும் என்றேன். ஆகவே ஒரு பாத்தியில் சலாதும் மல்லியிலையும் வெங்காயத்தாளும். சலாதின் வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் நடுக்குருத்து தொடர்ந்து வளரும். மற்றதில் கம்பு ஊன்றிப் போஞ்சி. அதன் வேர் முடிச்சுகளிலுள்ள பற்றீரியா காற்றின் நைதரசனை ஓரளவு நிலைப்படுத்துவதால் உரச்செலவும் குறையும். ஓரமாக முள்ளங்கி, ஆறேழு வாரத்தில் பிடுங்கலாம்.

வாப்பாவுக்கு இன்னும் லீக்ஸ் மனக்குறை உண்டு.

வெண்டி பழைய பெயின்ட் வாளியில், குசினியின் வெயில்படும் சுவரோரம் நிற்கிறது. ஆறு இலை விட்டிருக்கிறது, பூ இன்னும் வரவில்லை. இரவில் வாளியை உள்ளே தூக்கி வைப்பது தம்பியின் வேலை.